திரும்பி வந்த லோடு

போடி ஏலக்காய் வியாபாரி பிரேம்சிங் விட்ட அறையில், குரங்கணி விவசாயி கார்முகிலின் உதடு கிழிந்தது.

"கப்பல்ல போன லோடு முழுக்கத் திரும்பிருச்சுடா! காயில அம்புட்டும் விஷமாம். என் பொழப்பே போச்சு. எத்தனை தடவைடா மருந்தடிச்ச?"

"வாரம் ஒருக்கா, அண்ணே."

வயிற்றில் உதை விழுந்தது. கார்முகில் ஏலச்செடிகளுக்குள் சுருண்டு விழுந்தான். அவன் மனைவி பொற்கொடி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"மாசம் ஒருக்கான்னு பாட்டில்லயே போட்டிருக்குல்ல? எவன்டா வாரம் அடிக்கச் சொன்னது? அவனை வெட்டாம விடமாட்டேன்!" பிரேம்சிங் செடியோரம் கிடந்த அரிவாளை எடுத்து ஓங்கினார்.

பொற்கொடி நகரவில்லை.

"உங்க பூச்சிமருந்துக்கடையில வாரம் ஒரு பாட்டில் வாங்கலேன்னா, எங்க காயை எடுக்க மாட்டேன்னு நீங்கதாண்ணே சொன்னீக. வாங்கினதைக் குடிக்கவா முடியும்? செடிக்குத்தான் அடிச்சோம்."