பதினேழாம் வகை

முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் செத்துப்போன நான்காம் நாள், ஃபுமியேயின் கணினித் திரையில் வைரஸின் மரபணு வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

ஊர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. குற்றவாளி, சிப்பி வளர்க்கும் அவள் தம்பி தெத்சுயா.

அந்த இல்லத்தில் நடந்த வருடக் கடைசி மோச்சி விழாவில் எல்லோரும் சேர்ந்து உரலில் அரிசி இடித்தார்கள். அந்த அரிசி உருண்டையோடு சாப்பிடட்டும் என்று ஒரு கூடை கடல் சிப்பியை இனாமாகக் கொண்டுபோய்க் கொடுத்த புண்ணியவான் அவன். முப்பது பேருக்கு வாந்தி, பேதி.

சிப்பிதான் என்று உறுதியானால் விரிகுடா முழுக்கச் சிப்பி அறுவடை நின்றுவிடும். மீனவர் சங்கம் அவனைத் தலைமுழுகிவிடும்.

பதினெட்டு வருடமாகப் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவள் முடிவுக்காக வேண்டிக்கொள்ளக் கூடாதுதான். காலையிலிருந்து அவள் வேறெதுவும் செய்யவில்லை.

நோயாளிகளின் மலத்தில் இருந்தது பதினேழாம் வகை.

சிப்பியில் இருந்தது மூன்றாம் வகை.

ஃபுமியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, செய்யக் கூடாத காரியமென்று தெரிந்தே, செல்போனை எடுத்தாள்.

"உன் சிப்பி இல்லடா. கேக்குதா? உன் சிப்பி இல்ல."



"செத்தவங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் போயி, நெத்தி தரையில பட விழுந்து மன்னிப்பு கேட்டுட்டேனேக்கா. இனிமே சிப்பி வளக்க மாட்டேன்னு சங்கத்துலயும் எழுதிக் குடுத்துட்டேன்."

பாவி. முடிவு வரும்வரை நாலு நாள் பொறுக்க முடியவில்லை. யாராவது கேட்பதற்கு முன்பே தலையைக் குனிந்துவிடுகிற வளர்ப்பு அப்படி.

"அப்ப யாருக்கா? யாரா இருந்தாலும் அந்த ரெண்டு வாசல்லயும் வந்து விழட்டும்!"

"இருடா, பாக்குறேன்."

மிச்சம் இருந்தவை விழாவில் அரிசியைத் தொட்ட பத்துப் பேரின் மல மாதிரிகள். பெயர் இருக்காது, எண் மட்டும்.

ஒன்பது பேருடையதில் ஒன்றுமில்லை.

எட்டாம் எண்ணில் பதினேழாம் வகை. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. வயிறு கலங்காமலே வைரஸைச் சுமந்திருந்த யாரோ ஒருவர், உலக்கை எழுந்து விழும் இடைவெளியில், ஈரக் கையால் அந்த அரிசியைப் புரட்டிப் போட்டிருக்கிறார்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

ஃபுமியே பெயர்ப் பட்டியலைக் கேட்டு மேலாளரிடம் போக வேண்டியிருக்கவில்லை. முந்தாநாள் காலை, எட்டு என்று எழுதிய டப்பாவைத் தன் வீட்டுக் கழிவறைக்குள் எடுத்துப்போனது அவள்தான்.