ஏழு நாள் பத்தாது

பேராசிரியர் சொன்ன பெயரைக் கேட்டதும் நான் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டேன்.

அவரையா போடச் சொல்கிறீர்கள் என்று வாய் தவறிக் கேட்டும்விட்டேன். ஒரு வக்கீல் அப்படிக் கேட்கக் கூடாது.

பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்காக நூலகத்தின் பின்புறம் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். புதன்கிழமை பிற்பகலில் நான் அங்கே உட்கார்ந்து இலவசமாக ஆலோசனை சொல்கிறேன். ஓய்வூதியம், வரி, உயில் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் புண்ணியமாகப் போகும். நான் எழுதித் தரும் வரைவைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பித் தருவார்கள். ஒருவர் மதிப்பெண்கூடப் போட்டார். தேறிவிட்டேன்.

பொருளாதாரத் துறைப் பேராசிரியர் வந்தது வேறு காரியத்துக்கு. அவர் தலைக்குள் ஒரு கட்டி. வரும் திங்கள்கிழமை அறுவை சிகிச்சை. நினைவு திரும்பாமல் போனால் மருத்துவமனையில் அவருக்காக முடிவெடுக்க ஓர் ஆளை நியமித்துப் பத்திரம் எழுத வேண்டும்.

மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகன் ஒருவன் இருக்கிறான். தங்கமான பையன், யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான். சிகிச்சை விஷயம் அவனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது என்றார்.

அந்தப் பையனை நம்பிவிட முடியாது என்பதால்தான், துறையில் எல்லோரும் ஆட்சேபணைக்காரர் என்று அழைத்த மனிதரின் பெயரைச் சொன்னார்.

பேராசிரியருக்கு எதிர் அறையில் இருந்தவர் அவர். துறைக் கூட்டத்தில் யார் எதை முன்மொழிந்தாலும், தன் ஆட்சேபணையைக் குறிப்பில் ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். பேராசிரியர் கொண்டுவந்த பாடத்திட்டத்துக்கு ஆட்சேபணை. சுவருக்கு அடித்த வண்ணத்துக்கு ஆட்சேபணை. தன்னுடைய பிரிவுபசார விழாவுக்கே ஆட்சேபணை தெரிவித்த மனிதர். இருவரும் ஒரு மேசையில் தேநீர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

"அந்த மனுஷன் எதுக்கும் லேசுல சரின்னு சொல்ல மாட்டார், வக்கீலம்மா. மூச்சு விட வைக்கிற மெஷினை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னா, கூடாதுன்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும்."

வகுப்பில் குறிப்பு சொல்வதுபோல வாசகத்தையும் அவரே சொன்னார். ஏழு நாளில் நினைவு திரும்பாவிட்டால் இயந்திரங்களை நிறுத்திவிட வேண்டும். தட்டச்சு செய்து முடித்தேன்.

நியமிக்கப்படுகிறவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து வேண்டும் என்று மட்டும் சொல்லி ஆட்சேபணைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். வீடு பக்கத்துத் தெருதான். என்ன ஏது என்று கேட்காமல் வந்து சேர்ந்தார்.

வணக்கம் சொல்லவில்லை. நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். முதல் பக்கத்தில் ஒரு காற்புள்ளியை நகர்த்தினார். 'மற்றும்' என்ற சொல் இரண்டு இடத்தில் எதற்கு என்று என்னைக் கேட்டார். நல்லவேளை, நான் அவரிடம் படிக்கவில்லை.

பேராசிரியர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் முடியாது என்று எழுந்து போய்விட்டால் திங்களுக்குள் வேறு ஆளைத் தேட முடியாது.

இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது. 'ஏழு நாள்' என்பதை ஆட்சேபணைக்காரர் ஒரே கோட்டில் அடித்தார்.

போச்சு என்று நினைத்தேன்.

"ஏழு நாள் பத்தாது. போன வாரமே இவருக்கு ஆபரேஷன் பண்ணப்போற டாக்டரைப் போய்ப் பாத்தேன். சில பேருக்கு முழிப்பு வரவே மூணு வாரம் ஆகுமாம்."

பேராசிரியர் சட்டென்று திரும்பினார். தங்கமான பையன் கேட்டவரிடமெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கேட்டவர் இவர் என்று நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை.

அடித்த இடத்துக்கு மேலே ஆட்சேபணைக்காரர் 'ஆறு மாதம்' என்று எழுதி, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

அது நடக்காத காரியம் என்றார் பேராசிரியர். பத்து நாள் என்றார். ஆட்சேபணைக்காரர் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதினைந்து என்றார். கடைசியில், குரல் ஒரு மாதிரியாகி, ஒரு மாதம் வரை இறங்கி வந்தார்.

ஆட்சேபணைக்காரர் இறங்கி வரவே இல்லை.