ஏழு மெயில்

“வாட்ஸ்அப்ல வேணாம் ஹேமா. அதுல வந்தா எல்லாம் மசமசன்னு இருக்கு. மெயில்ல அனுப்பு. வீடு முழுக்க, ஒரு மூலை விடாம வீடியோ எடு.”

பாரிசிலிருந்து அண்ணன் வினோத்குமார் இவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டார். ஹேமலதா அதை அப்படியே ஒப்பித்தாள்.

“ஒரு மூலை விடாமன்னா இன்னா அர்த்தம்?” என்றான் புருஷன் ராஜவேல், புதுச்சேரி மேட்டுப்பாளையம் கம்பெனிக்குக் கிளம்ப சட்டையை மாட்டிக்கொண்டே. “வீடு வாங்க பார்ட்டி பிடிச்சிட்டாரு உங்கண்ணன். அவனுக்குக் காட்டத்தான்.”

“கொஞ்சம் சும்மா இருங்க.”

“நான் சும்மாதான் இருக்கேன். நாளைக்குக் குடும்பத்தோட ரோட்டுல சும்மா இருக்கப் போறோம்.”

முதலியார்பேட்டை வீடு அப்பா ராஜாங்கம் மில்லில் உழைத்துக் கட்டியது. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பாதி அண்ணனுக்கு, பாதி இவளுக்கு. குடியிருப்பது இவள். அண்ணன் ‘விக்கலாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை.

அதற்காக எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தாள். வாசல், போன வருஷம் போட்ட டைல்ஸ், சமையலறை கிரானைட் மேடை, கடைசியாகத் தட்டுமுட்டுச் சாமான் அடைத்து வைத்திருக்கும் பின்கட்டு. மொத்தம் ஆறு நிமிஷம்.

மெயிலில் வைத்தால் நகரவே இல்லை. இருபத்தைந்து எம்பிக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்றது. வீடியோ நானூறு.

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“டிரைவ்ல ஏத்தி லிங்க் அனுப்பு” என்றான் ராஜவேல்.

“டிரைவ்ல இடமே இல்லீங்க. உங்க தங்கச்சி அனுப்பற குட்மார்னிங் ரோஜாப்பூவெல்லாம் அதுலதான் குந்தியிருக்கு.”

“என் தங்கச்சியை இழுக்கலன்னா உனக்குப் பொழுது போகாதே. துண்டு துண்டா வெட்டு. ஒரு மெயிலுக்கு ஒரு துண்டு.”

வெட்டினாள். இருபது இருபது செகண்டாகப் பதினெட்டுத் துண்டு வந்தது.

முதல் துண்டை அனுப்பப் போனவள் நின்றாள். டைல்ஸ் பளபளவென்று இருந்தது. இதைப் பார்த்தால் எவன் வேண்டாம் என்பான்?

அந்தத் துண்டை ஒதுக்கினாள். கிரானைட்டையும் ஒதுக்கினாள். பின்கட்டை மட்டும் பொறுக்கினாள். உடைந்த ஓடு வழியாக இறங்குகிற வெயில். சுண்ணாம்பு உரிந்து கரிக்கிறுக்கலோடு நிற்கிற சுவர். அடியில் நசுங்கி, தாழ்ப்பாள் தொங்குகிற தகரக் கதவு. பாசி பிடித்த தொட்டி. பார்க்கிறவன் வாசலோடு ஓடிவிடுவான்.

ஏழு தேறியது. ஏழு மெயில். கடைசி மெயிலில் எழுதினாள்: ‘அண்ணா, போன்லேருந்து பெரிய ஃபைல் போக மாட்டேங்குது. இவ்வளவுதான் போச்சு.’

சாயங்காலம் வந்து பார்த்த ராஜவேல் விழுந்து விழுந்து சிரித்தான். “அடிப்பாவி! இது நம்ம வூடுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

அவளும் சிரித்தாள். ஆனால் ராத்திரி அண்ணன் பதில் வந்ததா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டார்.

“ஹேமா, ஏழும் வந்துச்சு.”

“சரிண்ணா.”

“அந்தச் சுவத்துல கரியால எழுதியிருக்கே, இன்னான்னு தெரியுதா?”

“ஏதோ கிறுக்கல்.”

“கிறுக்கலா? அப்பா கையெழுத்துடி! பகல், அரை நைட், முழு நைட். எந்த வாரம் எந்த ஷிப்ட்டுன்னு நம்ம ரெண்டு பேருக்காக எழுதி வைப்பாரு. முழு நைட் பாத்துட்டு வந்து பகல்ல தூங்குவாரு. நீ கத்துவ. நான் உன் வாயைப் பொத்துவேன். நீ கடிப்ப.”

ஹேமலதாவுக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லை. அப்போது நாலு வயசு. கடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிற மாதிரி இருந்தது.

“அந்தக் கதவு நசுங்கினது அவரு சைக்கிள் இடிச்சு இடிச்சு. வேலை விட்டு வந்தா பெல் அடிக்க மாட்டாரு, கதவுலதான் இடிப்பாரு. நேத்து நாலு தடவை பாத்தேன். சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்துச்சு.”

கேட்டுவிடுவதுதான் நல்லது.

“அண்ணா... அதை யார்கிட்டயாவது காட்டினியா?”

“இதை எவன்கிட்ட காட்டறது? உங்கண்ணிகிட்டகூடக் காட்டல. கண்ணு கலங்கிச்சுன்னா கிண்டல் பண்ணுவா.”

“இல்ல, வாங்கற பார்ட்டி...”

“எந்தப் பார்ட்டி?” அண்ணன் சிரித்தார். “பைத்தியம்! என் பாதியை உனக்கே எழுதிட்டேன். எம்பசியில கையெழுத்துப் போட்டு நேத்தே பேப்பரைத் தபால்ல அனுப்பியாச்சு. எழுதறதுக்கு முன்னாடி வந்து ஒருதரம் பாக்கணும்னு இருந்துச்சு, லீவு கிடைக்கல. அதான் வீடியோ கேட்டேன். இனிமே உன் வீடு. இடிப்ப, கட்டுவ, நான் ஒண்ணும் கேக்க முடியாது.”

ஒதுக்கி வைத்த பதினொரு துண்டும் போனில் அப்படியே இருந்தன.

“ஹேமா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேண்ணா.”

“ஒண்ணுதாம்மா ஆச்சரியமா இருக்கு. டைல்ஸு, கிரானைட்டுன்னு புதுசா போட்டதையெல்லாம் எடுத்து அனுப்பிடுவியோன்னு நினைச்சேன். எனக்கு வேண்டியது இந்த ஏழுதான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”