நான்கு மணிப் பழுது

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தெய்வானை கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்வாள். இந்தப் பக்கம், அவற்றின்படி அட்டைகளில் துளையிட்டுத் தள்ளும் இயந்திரத்தை அருளப்பன் பார்த்துக்கொள்வான். அது ஓடும்வரை அட்டைகளை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், கை ஒழியாது. இருவரும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. தினமும் நான்கு மணிக்கு, தேநீர் வரும் நேரம் பார்த்து, இயந்திரம் நின்றுவிடும். பத்து நிமிடத்தில் தானாக ஓடும். சூடான தேநீரை உறிஞ்சிக்கொண்டே அருளப்பன் பழுது என்று புகார் எழுதினான்.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்ற மெக்கானிக், கட்டளைகள் அச்சாகும் காகிதச் சுருளைக் கேட்டார். அருளப்பனே எடுத்து வந்து விரித்தான். எல்லாத் தேதியிலும் அதே இரண்டு வரிகள்: நான்கு மணிக்கு, துளையிடுவதை நிறுத்து. நான்கு பத்துக்கு, தொடங்கு. சண்டை போட்ட அன்றும் இருந்தன.

"என்னப்பா, ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் இல்ல சார். புகாரைக் கிழிச்சிடுங்க."

மறுநாள் இயந்திரம் நின்றதும் இரண்டு தம்ளர்களோடு தடுப்பைச் சுற்றிப் போனான். "ஆறிடப் போவுது, தெய்வானை."

அவள் நிமிரவே இல்லை. ஆனால் அன்று நான்கு பத்துக்கு இயந்திரம் ஓடவில்லை.