குளத்தங்கரை மீன்கொத்தி

"மீன்கொத்தி! மீன்கொத்தி வந்திருச்சு! அடேயப்பா, தலைகீழா பாய்ஞ்சு... மீனோட மேல போகுது பாரு!"

பெஞ்சில் உட்கார்ந்து 'ஒலிபெருக்கி' மனிதர் போனில் போட்ட கூச்சலில், இரண்டு மைனாக்கள் பூங்காவை விட்டே பறந்துவிட்டன. பக்கத்து பெஞ்சிலிருந்த நூலகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்திரண்டு வருஷம் வாசகர்களைப் பார்த்து 'ஷ்!' சொல்லியே ஓய்வு பெற்ற மனிதர். தினமும் காலையில் இங்கே வந்து, அணில் எத்தனை, கொக்கு எத்தனை என்று நோட்டில் குறிப்பதுதான் இப்போது அவருடைய ஒரே சுகம். அந்தச் சுகத்தில் மண்ணைப் போடவென்றே ஒரு மாதமாக இந்த ஆள் வருகிறார். பேர் தெரியாது. ஒலிபெருக்கி என்பது தோட்டக்காரர் வைத்த பட்டம்.

இதில் பெரிய அநியாயம், அந்தப் பூங்காக் குளத்தில் மீன்கொத்தியே கிடையாது. நூலகரின் நோட்டில் இரண்டு வருஷமாக அந்த வரி காலி. போதாக்குறைக்கு, அந்த ஆள் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

"வாய் கூசாம புளுகுறார்யா!" என்று நூலகர் தோட்டக்காரரிடம் பொருமினார். "குளத்துப் பக்கம் போன் பேசக் கூடாதுன்னு உத்தரவு கேட்டு மனு எழுதிட்டேன். பதினோரு பேர் கையெழுத்து போட்டாச்சு. இன்னிக்கே ஆபீஸ்ல குடுக்கறேன்."

"குடுங்க சார். அதுக்கு முன்னாடி அவர் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன். எதிர்க் கட்டடம், ரெண்டாவது மாடி. இத்தனை பேச்சும் அவங்ககிட்டதான்."

நூலகர் மனுவும் கையுமாக விறுவிறுவென்று மாடியேறினார்.

"கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, வாங்க" என்றது ஒரு குரல்.

ஜன்னலோரம் கட்டில். அந்த அம்மாவுக்கு வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. மூக்கில் கண்ணாடி, காதில் போன், முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னலுக்கு வெளியே குளம், பெஞ்சு எல்லாமே பளிச்சென்று தெரிந்தன.

"அப்படியா! எவ்வளவு பெரிய மீனு? சரி, யாரோ வந்திருக்காங்க, வெச்சிடறேன்" என்று போனை வைத்தார். "சொல்லுங்க சார்."

"அம்மா, அங்க மீன்கொத்தியே இல்லம்மா."

"தெரியுமே! நான்தான் பார்த்துட்டிருக்கேனே. அவருக்குப் பின்னாடி கொக்கு ஒண்ணு அரை மணி நேரமா ஒத்தக்கால்ல நிக்குது. அணில் அவர் பையிலேருந்து கடலையைத் திருடிட்டுப் போகுது. மனுஷனுக்கு ரெண்டுமே தெரியல!"

"அப்புறம் எதுக்கும்மா கதை கேட்கறீங்க?"

"அவருக்குச் சர்க்கரை. தினமும் நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் விழுந்ததுலேருந்து, கட்டிலை விட்டு நகர மாட்டேன்னு இவர் உட்கார்ந்துட்டார். அதான், 'என் கண்ணாடி தொலைஞ்சுபோச்சு, ஜன்னல்ல ஒண்ணும் தெரியல, நீங்க போய்ப் பார்த்துச் சொல்லுங்க'ன்னு விரட்டினேன். இப்ப நாலு சுத்து நடந்துட்டுத்தான் போன் பண்றார்."

கண்ணாடியைக் கழற்றி, தலையணைக்கு அடியில் செருகிக் காட்டினார். "அவர் படியேறினதும் இது இங்க போயிடும்."

பிறகு உதட்டில் விரலை வைத்தார். "ஷ்! அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

முப்பத்திரண்டு வருஷத்தில் நூலகரைப் பார்த்து யாரும் 'ஷ்' சொன்னதில்லை. மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். மனசு லேசாக இருந்தது.

ஒலிபெருக்கி எழுந்து எதிரே வந்தார். "எங்க வீட்லேருந்து வர்றீங்க போலிருக்கே சார். என் சத்தம் தொந்தரவா இருக்கா?"

"சேச்சே! இன்னும் சத்தமாவே சொல்லுங்க. பாவம், அவங்களுக்குக் கண்ணாடி வேற தொலைஞ்சு..." பழக்கமில்லாத பொய், நாக்கு குழறியது.

ஒலிபெருக்கி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தலையணைக்கு அடியிலதானே? அவ தூங்கும்போது அதை எடுத்துத் துடைச்சு வெக்கறதே நான்தான் சார். குளத்தைப் பார்த்து உட்கார்ந்தா, அவ சிரிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? ஷ்! அவகிட்ட சொல்லிடாதீங்க."