உள்ளே யாருமில்லை

"உள்ள இன்னும் ஒருத்தர் இருக்காருங்க!" கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துச் சூப்பர்வைசர் கத்தினார். "கார்டு தேய்ச்சு உள்ள போனவங்க முப்பத்தெட்டு. வெளிய நிக்கறது முப்பத்தேழு. நெட்டையனைக் காணோம்!"

கிடங்கு ஜன்னல்களிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. தீயணைப்பு அதிகாரி கை காட்ட, இரண்டு வீரர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

பேக்கிங்கில் வேலை பார்க்கும் மச்சினனும் வெளியே கூட்டத்தில் இருந்தான். நெட்டையன் அவனுடைய அக்கா புருஷன். ஓரிடத்தில் நிற்க முடியாமல் நாலடி போவதும் திரும்புவதுமாக இருந்தான்.

"பதறாதப்பா. உங்க மாமாவை எப்படியும் கொண்டாந்துடுவாங்க" என்றாள் பில் போடும் பெண்.

அவள் அப்படிச் சொன்னது அவனை இன்னும் கொன்றது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அதுவும் ஒரு வேலையா, இரண்டு வேலை! அக்கா வீட்டில் அடுப்பெரிவதே மாமா சம்பளத்தில்தான். திறக்காவிட்டால்?

உள்ளே ஏதோ மடமடவென்று சரிந்தது.

"ஐயோ, அவங்களை வெளிய கூப்பிடுங்க சார்!" ஓடிப்போய் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "உள்ள யாருமே இல்ல. மாமா இன்னிக்கு வேலைக்கே வரல. அவர் கார்டையும் தேய்ச்சது நான்தான்."

"என்னது!" சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

"எழுந்திரிக்க முடியல, கார்டை மட்டும் தேய்ச்சுடுன்னார் சார். எப்பவாவது ஒரு தடவைதான்..."

"எப்பவாவதா? மாமனும் மச்சானும் சேர்ந்து மெஷினுக்கே காது குத்தறீங்களா? இனிமே ரெண்டு பேரும் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது!"

"சண்டையை அப்புறம் வச்சுக்குங்க" என்று அதட்டினார் அதிகாரி. "தம்பி, நல்லாத் தெரியுமா? வீட்லதான் இருக்காரா?"

மச்சினன் மாமாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"தூங்கறார் சார். படுத்தார்னா இடி விழுந்தாலும் அசைய மாட்டார். எங்கக்கா மேல சத்தியமா உள்ள இல்ல!"

அதிகாரி வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். "திரும்பி வாங்கப்பா. உள்ள ஆள் இல்ல."

இருவரும் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். வந்த சற்று நேரத்துக்கெல்லாம் பின்பக்கக் கூரை அப்படியே உள்ளே விழுந்தது. கூட்டம் 'ஐயோ' என்று அலறியது.

சூப்பர்வைசருக்கே குரல் இறங்கிவிட்டது. "வேலை கிடக்குது, விடு. ரெண்டு உசுரைக் காப்பாத்திட்டடா" என்று அவன் தோளைத் தட்டினார்.

அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தான் மச்சினன். அவன் போன் அடித்தது. அக்கா.

"டேய், உன் மாமா சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டார்டா. எத்தனை தடவை போன் அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கறார், நீ கொஞ்சம் சொல்லிடு" என்றாள் அக்கா சிரித்தபடி. "பாவம், நீ மாட்டிக்கக் கூடாதுன்னு அப்பவே எழுந்து அடிச்சுப் பிடிச்சுக் கிளம்பிப் போனார், யாருக்கும் தெரியாம பின்கதவு வழியா உள்ள போயிட்டேன்னு எனக்குப் போன்கூடப் பண்ணாரே!"