முட்டிக்கு ஒரு தேதி

ஜன்னலோரக் கட்டிலில் நான், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி செண்பகம், முக்காலியில் அக்குபங்சர் வைத்தியர் குணாளன். தசைநார் கிழிந்தது என் வலது முழங்காலில். ஊசிகள் நின்றதோ இடது முழங்கையில்.

"கால் இங்க இருக்குய்யா!" என்றேன்.

"அதுக்கு வழி அங்க இருக்கு சார்."

"கத்திக்குப் பயந்துதான வந்தீங்க, பேசாம படுங்க," என்றாள் செண்பகம்.

மூன்று மாதமாக இதே பதில்தான். இன்னும் ஒரு படி ஏற முடியவில்லை. பொறுமை போய், படுத்தவாக்கிலேயே எலும்பு டாக்டருக்கு, ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுக் கடிதம் எழுதினேன். ஊசிகளை எடுக்க எழுந்த குணாளன் சுவரைப் பிடித்துக்கொண்டார். செண்பகம் செருப்பு மாட்ட வெளியே போனதும் என் காதருகே குனிந்தார்.

"என் முட்டிக்கும் ஒரு தேதி கேட்டுருங்க சார்."

ஒரு வரி சேர்த்து உறையை ஒட்டினேன். தபால்பெட்டியில் போட அவரே நொண்டிக்கொண்டு போனார்.